எலும்புப் பாடமும் என் வலது காலும்

நான் எம்.எஸ்சி. படித்தவள், பி.எட். முடித்தவள். அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இதெல்லாம் எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. பிறக்கும்போது எனக்குத் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்ததாம்.

கால் முதலில் வந்து பிறந்தவர் தன் காலால் நீவிவிட்டால் சுளுக்கும் இடுப்புப் பிடிப்பும் ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் அம்மா இதை ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். மகள் வாங்கிய பட்டத்தைப் பற்றி அவள் யாரிடமும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா உடனே தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மனிதரின் இடுப்பில் நான் கால் வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. சித்தப்பாவுக்கு இடுப்பு சரியாகிவிட்டதாக மட்டும் தகவல் வந்தது.

சரியாகத்தான் போகும். இடுப்புப் பிடிப்பில் பெரும்பாலானவை நாலு நாள் சும்மா கிடந்தால் தானாகவே சரியாகும். கால் வைத்தாலும் சரியாகும், வைக்காவிட்டாலும் சரியாகும். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீங்க அடக்கமா அப்படித்தான் சொல்லுவீங்க" என்று சிரித்துக்கொண்டே படுத்துக்கொள்வார்கள். திருமானூர்ப் பக்கமிருந்து நடவு நட்டு இடுப்பு பிடித்துக்கொண்ட பெண்கள் வருவார்கள். சிமென்ட் லாரி ஓட்டி முதுகு போனவர்கள் வருவார்கள். ஒருநாள் எங்கள் தலைமையாசிரியரே வந்தார். அறிவியல் மன்ற விழாவில் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றி வாய் கிழியப் பேசிவிட்டு, மாலையில் மனைவியின் கழுத்துச் சுளுக்கோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. வேலைக்குப் போன புதிதில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மாவோடு சண்டை போட்டேன். அதற்கும் அப்புறம், காலை நீட்டித் தொலைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ஆனால் வகுப்பறையில் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நான்கு சுவருக்குள் என் காலுக்கு மதிப்பில்லை, என் தலைக்குத்தான் மதிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எலும்புப் பாடத்தை நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு நடத்துவதில்லை. கறிக்கடையில் ஆட்டுத்தொடை எலும்பு ஒன்றை நீளவாக்கில் அறுத்து வாங்கி வருவேன். வெளியே கெட்டியாக இருக்கும் பகுதி, நுனியில் பஞ்சு மாதிரித் துளைத்துளையாக இருக்கும் பகுதி, நடுவில் குழாய், குழாய்க்குள் மஜ்ஜை. பிள்ளைகள் "நல்லி மிஸ், நல்லி!" என்று கத்துவார்கள். இரத்த அணுக்கள் உண்டாகிற இடத்தை அவர்கள் நாக்கால் மட்டுமே அறிவார்கள். கோழி எலும்பு ஒன்றைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டு எடுத்து வந்து ரப்பர் மாதிரி வளைத்துக் காட்டுவேன். வினிகர் கரைத்து எடுத்தது கால்சியத்தை என்றும், இந்த ஊரில் தோண்டி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போகிற சுண்ணாம்புக் கல்லிலும் அதே கால்சியம்தான் இருக்கிறது என்றும் சொல்வேன். எலும்பு என்பது செத்த குச்சி இல்லை, உயிருள்ள உறுப்பு, உடைந்தால் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும், ஆனால் நேராக வைத்தால்தான் நேராகக் கட்டும் என்பேன். கடைசி வரியை இரண்டு முறை சொல்வேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முதல் பெஞ்சு, முதல் மதிப்பெண். மற்றவர்கள் 'மனித உடலில் 206 எலும்புகள்' என்று கோயில் வாசலில் சுண்டல் வாங்க நிற்கிறவர்கள் மாதிரிக் கத்தும்போது இவள் மட்டும் கையைத் தூக்கி, "குழந்தைக்கு அதைவிட ஜாஸ்தி இருக்கும்ல மிஸ், அப்புறம்தானே சேர்ந்துக்கும்?" என்று கேட்பாள். வளரும் பிள்ளைகளின் நீள எலும்பு நுனியில் குருத்தெலும்பாலான தட்டு ஒன்று உண்டு, எலும்பு நீளமாவது அங்கேதான் என்று நான் சொன்ன மறுநாள் அதை அவளே கரும்பலகையில் வரைந்து வகுப்புக்கு விளக்கினாள். அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையில் சந்தோஷம் அடிக்கடி வருவதில்லை, அதனால் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பெண் வயதுக்கு வந்தாள். வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா ஏற்பாடாயிற்று. ஜெயங்கொண்டத்தில் மண்டபம், ஊர் முனையிலேயே தொடங்கும் ஃபிளெக்ஸ் போர்டுகள். போர்டில் அவள் முகம் ஒரு மூலையில் இருந்தது. தாய்மாமன் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாகப் போர்டு முழுக்க நின்றார். அவருக்குக் கீழே அவருடைய நண்பர்கள் வரிசையாக ஸ்டாம்பு சைஸில் நின்றார்கள். ஒரு சிறுமியின் உடம்பில் நடந்த விஷயத்துக்கு இத்தனை ஆண்கள் கைகூப்பி வரவேற்பது ஏன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது சடங்குக்கு முன்னால் 'அவுட்டோர் ஷூட்' என்று ஒன்று வந்திருக்கிறது. முன்பு கல்யாண ஜோடிக்குத்தான் எடுத்தார்கள், இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் எடுக்கிறார்கள். சடங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரிலிருந்து வந்த போட்டோகிராபர் அவளைச் சுண்ணாம்புக் கல் எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கும். வீடியோவில் வெளிநாடு மாதிரித் தெரியுமாம். கவுன் மாட்டி, குதிகால் உயர்ந்த செருப்பு மாட்டி, பாறைமேல் ஏற்றி நிற்க வைத்து, "பறக்குற மாதிரி குதிம்மா, மேல ட்ரோன் வருது" என்றாராம். அவள் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. குதித்தாள்.

அன்று மாலை என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. மாமன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் அவள் அம்மா. பிள்ளையின் முகத்தில் மேக்கப் அப்படியே இருந்தது, கண் மை மட்டும் கன்னத்தில் வழிந்து இறங்கியிருந்தது.

"வூட்லதான் இருக்கீங்களா டீச்சர்? பாப்பாவுக்குக் கால்ல சுளுக்குங்க. கொஞ்சம் நீவி வுட்டுருங்க" என்றாள் அவள் அம்மா.

நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன். வலது கணுக்கால் பலாக்கொட்டை மாதிரிப் புடைத்துக் கறுத்துக்கொண்டிருந்தது. எலும்பின் மேல் விரல் நுனியை வைத்தேனோ இல்லையோ, பிள்ளை வீறிட்டாள். கால் ஊன்ற முடிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இது சுளுக்கு இல்லைங்க. எலும்புல அடி. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்க" என்றேன்.

அவள் அம்மா மாமனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மாவுக்கட்டுப் போட்டுருவாங்க டீச்சர். வர்ற ஞாயித்துக்கெழம சடங்கு. மாவுக்கட்டோட எப்படிங்க பட்டுப் பொடவ கட்டுறது?"

மாமன் அதற்கு மேலே ஒரு படி போனார். "கட்டோட மேடையில உட்காந்தா ஊரே பேசும்ங்க. நாளைக்கி மாப்பிள்ள பாக்குறப்ப நொண்டின்னு சொல்லிருவானுங்க."

நொண்டி என்ற பேர் வரக்கூடாது என்பதற்காகப் பிள்ளையை நொண்டியாக்கத் தயாராக இருந்தார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உள்ளே போய்ப் புத்தகத்தையும் ஒரு சாக்பீஸையும் எடுத்து வந்தேன். தரையில் எலும்பை வரைந்தேன். இந்த வயதில் எலும்பு வளர்கிற இடம் இது, இங்கேதான் இவளுக்கு அடி பட்டிருக்கிறது போல இருக்கிறது, இதை யாராவது இழுத்து நகர்த்திவிட்டால் ஒரு கால் வளரும், இன்னொரு கால் வளராது, இல்லையென்றால் கோணலாக வளரும், பிறகு எந்தப் பட்டுப் புடவையாலும் அதை மறைக்க முடியாது என்று சொன்னேன். வகுப்பில்கூட அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை. இருவரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள்.

"நீயே சொல்லும்மா, எலும்பு எங்க வளரும்?" என்று பிள்ளையைக் கேட்டேன். அழுதுகொண்டே, ஒரு வார்த்தை பிசகாமல், வகுப்பில் சொன்ன மாதிரியே சொன்னாள்.

அவள் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "க்ளாஸ்ல எப்பவும் இதுதான் மொத மார்க்குங்க!"

மாமன் எழுந்துகொண்டார். "நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும் டீச்சர். அப்ப நீவ மாட்டீங்க, இல்ல? பரவால்லைங்க. பெரம்பலூர்ல ஒருத்தர் இருக்காரு. ஒரே இழுப்புதான், டப்புன்னு சத்தம் வரும், எந்திரிச்சு நடந்துரலாம். இப்பக் கெளம்புனா நேரத்தோட போயிரலாம்."

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். அவள் அவர் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தாள். இழுத்தால் என்ன ஆகும் என்பது அந்த மூன்று பேரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், கேட்காமல் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா வெளியே வந்தாள். "காலத்தான் வையேன்டி. வச்சா தேஞ்சா போயிடும்? பச்சப்புள்ள அழுவுது."

அம்மாவைத் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இவர்கள் என் வாய் சொல்வதைக் கேட்கப் போவதில்லை. கால் சொன்னால் கேட்பார்கள்.

"நில்லுங்க" என்றேன். "உட்கார வைங்க. கிழக்க பாத்து."

கிழக்கு எதற்கு என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். மாமன் உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னபோது மேடை, மாப்பிள்ளை என்று காரணம் அடுக்கிய மனிதர், கிழக்கு என்றதும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். கண்ணை மூடினேன். வலது காலை அவள் கணுக்காலுக்கு மேலே கொண்டுபோனேன். படவிடவில்லை. ஒரு சாண் உயரத்திலேயே நிறுத்திக்கொண்டேன். சும்மா நின்றால் நம்ப மாட்டார்கள் என்று உதட்டை அசைத்தேன். மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். டிபியா, ஃபிபுலா, டாலஸ், கால்கேனியஸ். மேலிருந்து கீழ்வரை கால் எலும்புகளின் பெயர்களை வரிசையாக முணுமுணுத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் மாமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்.

கண்ணைத் திறந்தேன். "கால் எறங்க மாட்டேங்குது. உள்ள எலும்பு விட்டுப்போயிருக்கு, அது தடுக்குது. இதை யாரும் தொடக் கூடாது. யாரு இழுத்தாலும் தோஷம் அவங்களுக்கு. பொழுது சாயுறதுக்குள்ள பெரியாஸ்பத்திரியில கட்டுப் போடணும்" என்றேன்.

மாமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கால் சொல்லிருச்சுங்களா?"

"சொல்லிருச்சு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்!" என்று என்னையே கோபித்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் கார் கிளம்பிவிட்டது. தரையில் நான் வரைந்த எலும்பை அவர்கள் மிதித்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன். நடுவழியில் மனசு மாறி வண்டியைப் பெரம்பலூருக்குத் திருப்பிவிடுவார்களோ என்று பயம்.

திருப்பவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், எலும்பு வளர்கிற இடத்தை ஒட்டி விரிசல் இருக்கிறது, நல்லவேளை, இன்னும் நகரவில்லை என்றார். யாராவது பிடித்து இழுத்திருந்தால் கதையே வேறு என்றும் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து சொன்னதும் இதைத்தான். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரும் உங்க கால் சொன்னதையேதான் சொல்றாரு பாத்தீங்களா டீச்சர்?" தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் நர்ஸ் இருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை.

சடங்கு சொன்ன தேதியில் நடந்தது. மாவுக்கட்டின் மேல் பட்டுத்துணி சுற்றி, ஜரிகை ஒட்டி, ஜிகினா தூவியிருந்தார்கள். மாமன் மேடையேறி மைக்கைப் பிடித்து, என் கால் எப்படி எலும்பு முறிவைக் கண்டுபிடித்தது என்று விவரித்தார். வந்தவர்கள் பந்திக்குப் போவதை விட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் குனிந்து என் காலையே பார்த்தாள். நான் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் வீட்டு வாசலில் கூட்டம் கூடிப்போனது. முன்பு சுளுக்கு எடுக்க மட்டும் வந்தார்கள். இப்போது சுளுக்கா முறிவா என்று பார்த்துச் சொல்லவும் வருகிறார்கள். ஒருவர் எக்ஸ்ரேயையே கையோடு கொண்டு வந்தார். அதில் என்ன தெரிகிறது என்று கேட்பார் என நினைத்தேன். அதைத் தரையில் வைத்து, "இது மேல கால் வச்சா தெரியுங்களா?" என்றார். அம்மா எல்லோருக்கும் காபி கொடுக்கிறாள். வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போகும் முந்திரிப் பருப்பை டப்பாக்களில் கொட்டி வைத்திருக்கிறாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும், அந்தப் பிள்ளையின் கால் தப்பித்தது என்று சமாதானம் செய்துகொண்டேன். அது பொய்யான சமாதானமும் இல்லை. கட்டுப் பிரித்ததும் அவள் நேராகத்தான் நடந்தாள். பள்ளிக்கு வந்த அன்று பரீட்சைக்காகப் பழைய பாடத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். எலும்பு முறிவின் அறிகுறிகள் என்னென்ன என்று கேட்டேன். எழுந்து நின்றாள். வீக்கம், வலி, நிறம் மாறுதல், ஊன்ற முடியாமை, எக்ஸ்ரே மூலம் உறுதி செய்தல். எல்லாம் சொன்னாள். உட்காரச் சொன்னேன்.

மணி அடித்து மற்ற பிள்ளைகள் ஓடியபின் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், அன்னைக்கு நீங்க கால் வச்சதும் எனக்குச் சூடா ஒண்ணு உள்ள எறங்குச்சு. அப்பவே வலி பாதி போயிருச்சு."

என் கால் அவள் மேல் படவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க சொன்ன மந்திரத்தை நான் கேட்டுக்கிட்டேன் மிஸ். புத்தகத்துல பாத்தா எலும்புப் பேரு. அந்தப் பேருக்கெல்லாம் இவ்ளோ சக்தி இருக்கும்னு தெரியாமப் போச்சு. கட்டோட இருந்தப்ப தெனமும் கிழக்க பாத்து உட்காந்து சொன்னேன். அதான் இவ்ளோ சீக்கிரம் கூடிருச்சு."

அது எலும்பு தானாகக் கூடியது, டாக்டர் நேராக வைத்துக் கட்டியதால் கூடியது, நீயே போர்டில் வரைந்தாயே என்றேன். குரல் எனக்கே கெஞ்சல் மாதிரிக் கேட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

"பயப்படாதீங்க மிஸ். பரீட்சைல நான் புத்தகத்துல உள்ளதையே எழுதிடுறேன்."

எழுதினாள். எல்லாம் சரியாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.